பன்னிரண்டு போர் துவக்கும் மலைநாட்டு வீடும்: வாங்குவதற்கு முன்பிருந்து பழகி முடிக்கும் வரை

இலங்கை மலைநாட்டில், ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், நாங்கள் இருந்த காலம். ராத்திரி பதினொரு மணி இருக்கும், வெளியே கைக்கெட்டும் தூரம் தெரியாத பனிமூட்டம். யாரோ எங்கள் கதவைத் தோளால் இடிக்கிறார்கள். அப்பா எழுந்து மூலையில் கிடந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். கதவுக்கு நேரே நிற்காமல் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்று, "யாரப்பா அது, பேரச் சொல்லு" என்று உரக்கக் கேட்டார். பதில் இல்லை, இன்னொரு இடிதான் வந்தது. மறுபடி கேட்டார். "அடியே, கதவத் தெறக்கிறியா இல்லையா?" என்றது வெளிக்குரல். நாலு வீடு தள்ளி இருக்கும் மாமா. அன்று சம்பள நாள். லயத்தில் எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சைப் பெயின்ட். மனுஷர் வாசல் மாறிவிட்டார். அம்மா சிரித்தேவிட்டார். அப்பா சிரிக்கவில்லை, கத்தியைக் கீழே வைக்கும்போது அவர் கை நடுங்கியது.

அப்புறம் அப்பா ஓய்வுபெற்று, ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) காசில் வெலிமடைப் பக்கம் முக்கால் ஏக்கர் வாங்கி உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டார். காட்டுப்பன்றித் தொல்லைக்கு உரிமம் எடுத்து ஒரு 12 போர் துவக்கும், அதாவது சன்னம் சுடும் நீளத் துப்பாக்கியும், வந்தது. வந்த முதல் நாள் அதைக் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னது குறிபார்க்கும் விதத்தை அல்ல. "அன்னிக்கு என் கையில கத்திக்குப் பதிலா இது இருந்திருந்தா?" என்றார். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது. துவக்கு பழகுவதில் முக்கால்வாசி, சுடாமல் இருக்கப் பழகுவது.

முதலில் சுவரைப் பாருங்கள்

துவக்கைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, நடுவில் பலகைத் தடுப்பு, மேலே தகரம். இதுதான் நம்மில் பலருடைய வீடு. தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தலைமாட்டை நம் பக்கமாக வைத்துத் தூங்குகிறது. 12 போர் தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுகளைத்தான் சன்னம் என்கிறோம், அதில் பெரிய சன்னங்கள் பலகையையும் தகரத்தையும் சீலிங் அட்டையையும் துளைத்துக்கொண்டு போகும். அறைக்குள் இருக்கிற தூரத்தில் சின்னச் சன்னங்கள்கூட சிதற நேரமில்லாமல் ஒரே கட்டியாகப் போய்ப் பலகையை உடைக்கும். ஆகவே என் முடிவு இது: லயத்தில் வீட்டுக் காவலுக்குத் துவக்கு வேண்டவே வேண்டாம். உரிமம் கிடைத்தாலும் வேண்டாம். தனிக் காணியில், நாலு பக்கமும் இடைவெளியோடு இருக்கிற வீடு என்றால் மட்டும் மேலே வாசியுங்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு அடுத்த பகுதி போதும், அதுவே பெரிய காவல்.

துவக்குக்கு முன்னால் வருகிற காவல்

கதவுதான் முதல் ஆயுதம். நம் கதவுகளில் பூட்டு நன்றாக இருக்கும், பிணைச்சல் (கீல்) ஆணி அரை அங்குலம்தான் மரத்துக்குள் போயிருக்கும். பிணைச்சல்களை நீள ஆணியால் மாற்றுங்கள். உள்ளே குறுக்குச் சட்டம் போட இரண்டு இரும்புக் கொக்கி அடித்துவிடுங்கள். ஆள் நடமாட்டத்தில் தானாக எரியும் லைட் ஒன்று வாசலிலும் ஒன்று பின் அடுப்படிப் பக்கமும் இருந்தால், திருட வருகிறவனில் பாதிப்பேர் அங்கேயே திரும்பிவிடுவான் என்பது என் அனுபவம்.

நாய் வளர்க்கலாம், நம் ஊர் நாயே போதும். ஆனால் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் இடங்களில் நாயை ராத்திரி வெளியே கட்டிப் போடாதீர்கள். கட்டிய நாய் சிறுத்தைக்குப் பரிமாறி வைத்த சாப்பாடு. நாய் கத்துகிறது என்று துவக்கோடு இருட்டுக்குள் இறங்கவும் கூடாது. சிறுத்தை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மிருகம், காயப்பட்டுவிட்டால் மனுஷனுக்கு அதைவிட ஆபத்தானது வேறில்லை. உள்ளேயிருந்து லைட்டைப் போடுங்கள், தகரத்தைத் தட்டுங்கள்.

அடுத்தது தொலைபேசி. மலைநாட்டில் வீட்டின் எல்லா மூலையிலும் சிக்னல் வராது. எங்கள் வீட்டில் ஜன்னலோரம் மட்டும் இரண்டு கோடு வரும், கட்டிலில் ஒன்றுமில்லை. எந்த அறையில், எந்த மூலையில் நின்றால் 119க்கு அழைப்பு போகும் என்று இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். ராத்திரி ஆபத்தில் குடும்பம் ஒதுங்கும் அறை அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிவிடுங்கள்.

உரிமம்

இலங்கையில் துவக்கு வைத்திருப்பது உரிமை கிடையாது, அனுமதி. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை, 1996இல் அது திருத்தப்பட்டது. நமக்குப் பொருந்துகிற உரிமம் பொதுவாக இரண்டு வகை. பயிர்ப் பாதுகாப்புக்கு மாவட்டச் செயலகம் வழியாகக் கிடைப்பது ஒன்று, பழைய ஆட்கள் இன்னும் கச்சேரி என்றுதான் சொல்வார்கள். தனிப்பட்ட பாதுகாப்புக்குப் பாதுகாப்பு அமைச்சு தருவது இன்னொன்று. மலைநாட்டுச் சாதாரணக் குடும்பத்துக்குக் கையில் கிடைக்கக்கூடியது முதல் வகைதான். காணியின் பத்திரம், கிராம உத்தியோகத்தர் அறிக்கை, பொலிஸ் அறிக்கை எல்லாம் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். தோட்டக் காணியில் குடியிருக்கிறவனுக்குப் பெயரில் காணியே இல்லாததால் இந்த வாசல் பெரும்பாலும் அடைத்தே இருக்கிறது. அது தனிக் கதை, வேறொரு நாள் பேசலாம்.

தனிப்பட்ட பாதுகாப்புக்கான உரிமம் நிரந்தரமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 நவம்பரில் அந்த வகைத் துவக்குகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சே கேட்டது. எந்த உரிமமும் வருஷம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை அதற்கான காலம். தவறினால் ஜனவரி முதலாம் தேதி காலையில் உங்கள் வீட்டில் இருப்பது சட்டவிரோதத் துவக்கு.

உள்ளூரில் குழாய் வைத்துச் செய்து விற்கிறார்களே, அது வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணீர்க் குழாய் இரும்பு வெடியின் அழுத்தத்தைத் தாங்கச் செய்ததில்லை. ஒரு நாள் அது உங்கள் முகத்துக்கு நேரே பிளக்கும். பன்றி வரும் பாதையில் கம்பி இழுத்துக் கட்டுகிற கட்டுத்துவக்கு அதைவிட மோசம். அது "யாரது" என்று கேட்காது. விறகு பொறுக்கப் போன பெண்ணின் காலும் அதற்கு ஒன்றுதான், பன்றியின் காலும் ஒன்றுதான். கம்பிச் சுருக்கும் அதே ஜாதி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் பன்றிக்கு வைத்த மாதிரியான சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டி, சில நாளில் செத்துப்போனது நாடு முழுக்கப் பேசப்பட்டது நினைவிருக்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

தற்காப்பு உரிமையைப் பற்றித் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் பேசுகின்றன. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் உடலையும் மற்றவர் உடலையும் சொத்தையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் போக உரிமை இல்லை. பொலிஸை அழைக்க நேரம் இருந்தும் அழைக்காமல் நீங்களே இறங்கினால் அந்த உரிமை உங்கள் கையைவிட்டுப் போகும். உயிர் போகும் அளவுக்குப் போகலாம் என்று சட்டம் சொல்வது மிகச் சில நிலைமைகளில்தான்: உயிருக்கோ பாரதூரமான காயத்துக்கோ நியாயமான பயம் இருக்கும்போது, கொள்ளை, இரவில் வீடுடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவை. கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகு அந்தப் பட்டியலில் இல்லை. இது சட்ட ஆலோசனையாகாது, உரிமம் எடுக்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். துவக்குக்குக் கொடுக்கும் காசோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

எந்தத் துவக்கு

12 போர் என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. குழலின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல் (பவுண்டு) வரும். அதுதான் கணக்கு, விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 போர் என்றால் உருண்டை சின்னது, குழல் ஒடுக்கம், விட்டம் சுமார் 15.6. எண் கூடக் கூடத் துவக்கு சின்னதாகும், இதில்தான் புதியவர்கள் குழம்புவார்கள்.

மலைநாட்டில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒற்றைக்குழல் மடக்குத் துவக்கு, அதற்கடுத்து பக்கம் பக்கமாக இரட்டைக்குழல். பம்ப் அடிக்கிற வகையும் தானாகத் தோட்டா ஏற்றுகிற வகையும் வேறு உலகம். வீட்டுக்கு எது என்று கேட்டால் நான் இரட்டைக்குழல் மடக்குத் துவக்கைத்தான் சொல்வேன். மடக்கித் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கா இல்லையா என்பது பட்டப்பகல்போலத் தெரியும். இருட்டில் விரலை விட்டுத் தடவியே சொல்லிவிடலாம். பம்ப் துவக்கில் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒரு தோட்டா ஒளிந்திருப்பதை மறந்துவிடுகிற ஆள் எவ்வளவு பேர்! வருஷத்தில் நாலு தரம் மட்டும் கையில் எடுக்கிற நமக்கு எளிமைதான் பாதுகாப்பு. ஒற்றைக்குழல் மலிவு, எடை குறைவு. ரஷ்யாவின் பைக்கால் ஒற்றைக்குழல் முரட்டுத்தனமானது, பழுதாகாது, ஆனால் எடை குறைந்த துவக்கு தோளை நன்றாகவே உதைக்கும்.

பழைய துரைமார் விட்டுப்போன இங்கிலாந்துத் துவக்கு என்று யாராவது உரிமத்தோடு மாற்றிக்கொடுக்க வந்தால், அதன் அழகில் மயங்காமல் இவற்றைப் பாருங்கள்.

தோட்டா அறையின் நீளம் முதலில். பழைய இங்கிலாந்துத் துவக்குகளில் பல இரண்டரை அங்குல, அதாவது 65 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்குச் செய்தவை. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டேமுக்கால் அங்குலம், 70 மில்லிமீட்டர். சுடுவதற்கு முன் அந்த நீளத் தோட்டா அறைக்குள் சுலபமாக உட்காரும், அதுதான் ஏமாற்று. சுட்டதும் அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நீளம் குழலின் அடியில் பொறித்திருக்கும், லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரைகளும் அங்கேயேதான் இருக்கும். முத்திரை தேய்ந்து வாசிக்க முடியாவிட்டால் துவக்குத் திருத்தத் தெரிந்த ஒருவரிடம் அளந்து பார்க்கக் கொடுங்கள். குழலின் மேல் பாய் பின்னியது மாதிரிக் கோடுகள் ஓடினால் அது முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்துச் சாமான். சுவரில் மாட்டலாம், இன்றைய தோட்டாவை அதில் போடக்கூடாது.

அடுத்து ஆட்டம். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துவக்கின் பிடியைப் பிடித்துக் குலுக்குங்கள். குழலுக்கும் உடலுக்கும் நடுவே லொடலொடப்பு கேட்டால் விலகிவிடுங்கள். குழலைக் கழற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். கரகரவென்று அதிர்ந்தால் நடுப்பட்டியின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள், நம் ஊர் ஈரம் கறையானைப் போல உள்ளிருந்துதான் தின்னும். கடைசியாக, டம்மி (வெடிக்காத) தோட்டா போட்டு, குதிரையை, அதாவது தோட்டாவைத் தட்டும் சுத்தியலை, ஏற்றி, பிடங்கை (தோளில் வைக்கும் மரக்கட்டையை) ரப்பர்ப் பாயில் மெதுவாகத் தட்டுங்கள். குதிரை தானாக விழுந்தால் அந்தத் துவக்கு உங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது.

பிடங்கின் நீளமும் கவனிக்க வேண்டியது. துரைக்கு அளந்து செய்த துவக்கு நம் அம்மாமார் தோளுக்குச் சேராது. பிடங்கின் அடியை மடித்த முழங்கையின் உள்பக்கம் வைத்தால் விசை விரல் விசையைத் தொட வேண்டும், எட்டிப்பிடிக்கக் கூடாது. வீட்டில் இன்னொருவரும் உரிமத்தோடு பழகப்போகிறார் என்றால் சின்ன உடம்புக்காரருக்கு ஏற்ற நீளத்தை வையுங்கள். நெடியவன் குட்டைப் பிடங்கைச் சமாளிப்பான்.

ஒரே வீட்டில் 12 போரும் 20 போரும் வேண்டாம். 20 போர்த் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப்போய் முன்னால் சிக்கி நிற்கும். திறந்து பார்க்கிறவன் காலி என்று நினைத்து 12 போர்த் தோட்டாவைப் போடுவான். சுட்டால் குழல் கிழியும். 20 போர்த் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணமே இதுதான்.

தோட்டா

சன்னத்தின் அளவைச் சொல்ல நமக்குப் பழக்கமானது பிரித்தானிய எண்களும் எழுத்துகளும், சின்னதிலிருந்து பெரிதாக: நம்பர் 6, நம்பர் 4, பி.பி., எஸ்.ஜி., எல்.ஜி. நம்பர் 6இன் சன்னம் இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எஸ்.ஜி. சன்னம் எட்டு மில்லிமீட்டருக்கு மேல், அமெரிக்கக்காரன் இரட்டைப் பூஜ்ஜியம் என்று சொல்வதற்கு ஏறக்குறைய சமம்.

துவக்கைச் சுட்டால் கதவளவு பரவும், குறியே பார்க்க வேண்டாம் என்ற கதையை யார் ஆரம்பித்தாரோ தெரியாது. அறைக்குள் ஐந்து மீட்டரில் சன்னங்கள் பரவும் அகலம் உள்ளங்கை அளவுதான். குழல் முனை ஒடுங்கிய ஃபுல் சோக் என்றால் அதைவிடச் சின்னது. ஆகவே குறி தவறினால் முழுதும் தவறும், தவறிய முழுதும் சுவருக்குப் பின்னால் இருப்பவருக்குப் போகும்.

மலையில் இன்னொன்று. நம் வீட்டு வாசலிலிருந்து கீழே பார்த்தால் தெரிவது அடுத்த வீட்டின் கூரை. நம்பர் 6 சன்னமே 200 மீட்டர் போகும். எஸ்.ஜி. 600 மீட்டரைத் தாண்டக்கூடும், சரிவில் கீழ்நோக்கி இன்னும் தூரம். உங்கள் வளவில் பகலில் நின்று, எந்தத் திசையில் மண்மேடு சன்னத்தைத் தாங்கும், எந்தத் திசையில் ஒருபோதும் குழலைத் திருப்பக்கூடாது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். எங்கள் வீட்டில் சுடலாம் என்று சொல்லக்கூடிய திசை ஒன்றே ஒன்றுதான், பின்பக்கத்து வெட்டிய மண்சுவர்.

நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீட்டர் உயரம், சாரலும் பனியும் தோட்டாவுக்கு விரோதி. பழைய காகிதத் தோட்டா ஊறிப் பருத்து அறைக்குள் சிக்கும். பிளாஸ்டிக் தோட்டாவையும் மூடி இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வேண்டாம். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடி முப்பது வினாடி எண்ணுங்கள், சில நேரம் மருந்து தாமதமாகப் பிடிக்கும். அதற்குப் பதில் "டப்" என்று மந்தமாகச் சத்தம் வந்தால் அடுத்த தோட்டாவைப் போடும் முன் குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே ஏதாவது அடைத்திருந்தால் அடுத்த வெடியில் குழல் போய்விடும்.

வைக்கும் இடம்

அம்மா முதலில் துவக்கை அடுப்படிப் பரணில் வைக்கச் சொன்னார், ஈரம் ஏறாதாம். புகைக்கரி இரும்பைத் தின்னும், தோட்டாவை அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைப்பது பைத்தியக்காரத்தனம். சுவரோடு ஆணியடித்து இறுக்கிய இரும்புப் பெட்டி, துவக்கு காலியாக, முடிந்தால் குழலையும் பிடங்கையும் பிரித்து. தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். சாவி பெரியவர் உடம்போடு இருக்க வேண்டும், ஆணியில் தொங்கக் கூடாது. பிள்ளைகளுக்கு நாம் ஒளித்து வைக்கும் இடமெல்லாம் தெரியும், வெல்லம் வைத்த டின்னைக் கேட்டுப் பாருங்கள்.

துணி உறையில் சுற்றி வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழைக்காலத்தில், அதாவது நுவரெலியா, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர், பதுளைப் பக்கம் நவம்பருக்கு மேல், வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுக்காகி விசைக்குள் கட்டும்.

பழகும் முறை

இதுதான் நீண்ட பகுதி, இதில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள்.

ஆரம்பத்தில் ஒரு மாதம் தோட்டாவே வேண்டாம். தோட்டாப் பெட்டி வேறு அறையில் பூட்டியிருக்க, டம்மி தோட்டாவோடு பகல் வெளிச்சத்தில். கையில் எடுத்ததும் திறந்து பார்ப்பது, அடுத்தவர் கையிலிருந்து வாங்கியதும் திறந்து பார்ப்பது, இப்போதுதான் பார்த்தோமே என்றாலும் திறந்து பார்ப்பது. காலியாக இருந்தாலும் குழல் யார் மேலும் திரும்பக் கூடாது. சுடுவதென்று முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே, விசைக்காப்பின் மேல் நீட்டியிருக்க வேண்டும். நான் கற்ற காலத்தில் விரல் தவறி உள்ளே போனால் அப்பா துவக்கை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார், அன்றைக்கு அவ்வளவுதான். பதினேழு வயதில் எரிச்சலாக இருக்கும். முதல் வாரம் நான் பழகியது மொத்தமே ஒரு மணி நேரம் இருக்காது.

விரல் சொன்னபடி கேட்க ஆரம்பித்ததும் தோளில் ஏற்றுவது. இடது கால் கொஞ்சம் முன்னால், உடம்பு லேசாக முன்சாய்வு, பிடங்கு தோள் குழிக்குள் இறுக, கன்னம் மரத்தின் மேல். பின்னால் சாய்ந்து நின்றால் உதை உங்களைத் தள்ளிவிடும். முகத்தைத் தூக்கிப் பார்த்தால் எல்லாச் சன்னமும் மேலே போகும். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் திறப்பது, இரண்டு டம்மி போடுவது, மூடுவது, மறுபடி எடுப்பது, கை தானாகச் செய்யும் வரை.

இனி குரல். வீட்டார் ஒருவர் வெளியே நின்று கதவைத் தட்டட்டும், நீங்கள் உள்ளே துவக்கு இல்லாமல் வெறுங்கையோடு நின்று உரக்கக் கேளுங்கள்: "யாரது? பேரச் சொல்லு!" நம் ஊரில் அடுத்த வீட்டுக்காரர் சிங்களவராக இருக்கலாம், "கவுத?" என்றும் கேட்கப் பழகுங்கள். கேட்டு, பதிலுக்கு மூச்சு விடும் நேரமாவது காத்திருப்பது. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பயத்தில் தொண்டை அடைக்கும்போது பழகிய வாய் மட்டும்தான் திறக்கும். கூடவே டோர்ச். துவக்கில் டோர்ச்சைக் கட்டி, அதை வைத்து ஆளைத் தேடாதீர்கள். அப்படிச் செய்தால் யாரென்று பார்ப்பதற்காக ஒவ்வொருவர் மேலும் துவக்கைத் திருப்புகிறீர்கள். வாசல் லைட்டைப் போடுங்கள், கையில் தனி டோர்ச் வையுங்கள்.

உண்மையான தோட்டாவோடு பழகுவது உரிமம் பெற்ற சுடும் இடத்தில், துவக்குப் பழக்கம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க. பயிர்க் காவலுக்கு உரிமம் இருக்கிறது என்பதற்காக வளவில் டின் வைத்துச் சுட்டுப் பழகாதீர்கள். பள்ளத்தாக்கில் ஒரு வெடி பத்து வெடியாக எதிரொலிக்கும், பக்கத்துத் தோட்டம் முழுக்கக் கலங்கும், பொலிஸும் வரும். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். 12 போர் வெடியின் சத்தம் 150 டெசிபெலைத் தாண்டும், 140 போதும் காது ஒரே தரத்தில் பழுதாக. பெரிய காகிதத்தை 5, 10, 15 மீட்டரில் வைத்து, நீங்கள் வீட்டில் வைத்திருக்கப்போகிற அதே தோட்டாவால் ஒவ்வொன்றாகச் சுட்டு, ஓட்டைகளின் அகலத்தை அளந்து எழுதுங்கள். உங்கள் துவக்கும் உங்கள் தோட்டாவும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு வேறு எந்தப் பேச்சும் ஈடாகாது. முதல் நாள் ஆறு, எட்டு வெடிக்கு மேல் போனால் தோள் நொந்து, அடுத்த வெடிக்கு முன்பே உடம்பு பயந்து துள்ளத் தொடங்கும். நிறுத்திவிடுங்கள். வருஷத்தில் இரண்டு தரம் போனால் போதும், மாதத்தில் இரண்டு தரம் டம்மியோடு வீட்டில்.

அந்த ராத்திரி வந்தால்

சத்தம் கேட்டதும் வெளியே போகாதீர்கள். இதை மட்டும் நினைவில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். குடும்பத்தை எண்ணிப் பாருங்கள், மகன் டவுனிலிருந்து கடைசி பஸ்ஸில் வர வேண்டியவனா? எல்லோரும் சிக்னல் வரும் அந்த அறைக்குள், கதவுக்குச் சட்டம், 119க்கு அழைப்பு. அழைக்கிறவர் ஒருவர், துவக்கைப் பிடிக்கிறவர் இன்னொருவர். கதவை நோக்கி, மூலையில் தாழ்ந்து உட்கார்ந்தபடி, விரல் வெளியே. "பொலிஸுக்குச் சொல்லியாச்சு, வீட்டில துவக்கு இருக்கு, போயிரு" என்று கத்துங்கள். கிழங்கு போனால் போகட்டும், ஆடு போனால் போகட்டும். அவன் அந்த அறைக் கதவையும் உடைத்து உள்ளே வரும் வரை சுடுவதற்கு ஒன்றுமே இல்லை.

பொலிஸ் வரும்போது அவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. துவக்கைத் திறந்து, காலி செய்து, கீழே வைத்துவிட்டு, கைகள் தெரியும்படி நில்லுங்கள். சுட நேர்ந்திருந்தால் முதல் அழைப்பு 1990, காயப்பட்டவன் யாராக இருந்தாலும். அடுத்து 119. எதையும் நகர்த்தாமல், கழுவாமல், வந்தவர்களிடம் உரிமத்தைக் காட்டி, விரிவான வாக்குமூலத்துக்கு முன் சட்டத்தரணியை அழைக்க வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

உரிமம் ஆளுக்கு, வீட்டுக்கல்ல

அப்பா போன பின் துவக்கு எனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. உரிமம் அவர் பெயரில், அவரோடு போய்விட்டது. ஏழாம் நாள் காரியம் முடிந்த கையோடு துவக்கையும் மீதித் தோட்டாக்களையும் உரிமப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். என் பெயரில் புதிதாக விண்ணப்பித்து அது திரும்பி வர ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆனது. அந்த ஒரு வருஷமும் வீட்டைக் காத்தது குறுக்குச் சட்டமும், லைட்டும், நாயும், "யாரது" என்று கேட்கிற அம்மாவின் குரலும்தான். ரசீதைக் காணி உறுதியோடு சேர்த்து வைத்திருந்தேன், விண்ணப்பத்தின்போது முதலில் கேட்டது அதைத்தான்.